பெரிய வரைபடம், சிறிய போர்

மலைச்சரிவில் புதருக்குப் பின்னால் படுத்தபடி ட்ரோனை மேலே அனுப்புகிறோம். கீழே போதைப்பொருள் கும்பலின் முகாம். ட்ரோன் ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் காவலுக்கு நிற்கும் ஒவ்வொருவன் தலைக்கு மேலும் குறி விழுந்துவிடுகிறது. கண்காணிப்புக் கோபுரத்தில் இருப்பவன், ஜெனரேட்டர் பக்கம் நிற்பவன், சுவருக்கு அந்தப் புறம் நடமாடுபவன் எல்லாரும் தெரிகிறார்கள். கூட வந்த மூன்று வீரர்களுக்கும் ஆளுக்கொருவனைக் காட்டிவிட்டு நான்காமவனை நாமே குறிவைத்துச் சுட்டால், நான்கு பேரும் ஒரே நொடியில் சாய்கிறார்கள். இப்படி மூன்று சுற்று முடிந்தால் முகாம் காலி.

2017 மார்ச்சில் யூபிசாஃப்ட் வெளியிட்ட 'கோஸ்ட் ரீகான் வைல்ட்லேண்ட்ஸ்' விளையாடியவர்களுக்கு இது மனப்பாடம். தொடக்கத்தில் இதில் கிடைக்கும் நிறைவு உண்மையானது. திட்டம் போட்டு, பொறுமையாகக் காத்திருந்து, பிசகாமல் முடித்த நிறைவு அது. ஆனால் அந்த கேமில் மாகாணங்கள் இருபத்தொன்று. பனிமலையிலும் சரி, உப்பு வெளியிலும் சரி, அடர்ந்த காட்டிலும் சரி, அதே ட்ரோன், அதே குறி, அதே நான்கு தோட்டா. ஐந்தாவது மாகாணத்தில் இருக்கும் எதிரிகள், முந்தைய நான்கு மாகாணங்களிலும் தங்கள் கூட்டாளிகள் எப்படிச் செத்தார்கள் என்று விசாரித்ததாகவே தெரியவில்லை.

திறந்த உலகில் வியூகம் வகுத்துச் சுடும் 'ஓப்பன் வேர்ல்டு டாக்டிகல் ஷூட்டர்' என்ற வகையை எப்படி மேம்படுத்தலாம் என்று பேச்செடுத்தால், ரசிகர்களிடமிருந்து பெரும்பாலும் வருவது பொருள்களின் பட்டியல்: இன்னும் துப்பாக்கிகள், இன்னும் வண்டிகள், இன்னும் பெரிய மேப். கம்பெனிகளும் அதையே கொடுத்துப் பழகிவிட்டன. இருபது ஆண்டுக்கு மேலாக இந்த வகையில் வந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் குறை வேறு இடத்தில் இருப்பதாக எனக்குப் படுகிறது. வியூகம் என்பது அரைகுறையாகத் தெரிந்ததை வைத்துக்கொண்டு, தவறினால் இழப்பு உண்டு என்ற அச்சத்தோடு எடுக்கும் முடிவு. இந்த விளையாட்டுகள் தெரிய வேண்டியதை எல்லாம் இலவசமாகத் தெரிவித்துவிடுகின்றன, இழப்பையும் நீக்கிவிடுகின்றன. நாம் செய்துவிட்டுப் போனதை அந்த உலகம் மறுநாள் மறந்தும் விடுகிறது. மேம்படுத்துவது இந்த மூன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த வகை பிறந்தபோது நிலைமை இப்படி இல்லை. 2001இல் இரண்டு விளையாட்டுகள் வந்தன. ஒன்று, நாவலாசிரியர் டாம் கிளான்சியும் சேர்ந்து தொடங்கிய ரெட் ஸ்டார்ம் நிறுவனத்தின் முதல் 'கோஸ்ட் ரீகான்'. ஆறு பேர் வரை கொண்ட அணியைச் சிறு குழுக்களாகப் பிரித்து மேப்பில் வழி குறித்து அனுப்ப வேண்டும். ஒரு மிஷனில் செத்தவன் செத்தவன்தான். அடுத்த மிஷனுக்கு அவன் வரமாட்டான், அவன் சேர்த்த அனுபவமும் அவனோடு போகும். மற்றொன்று, செக் நாட்டின் பொஹீமியா இன்டராக்டிவ் செய்த 'ஆபரேஷன் ஃபிளாஷ்பாயின்ட்'. பெரிய தீவு, எங்கே வேண்டுமானாலும் போகலாம், எங்கிருந்தோ வரும் ஒற்றைத் தோட்டாவில் கதை முடியும். ஒரு மிஷனில் ஒரே ஒரு முறைதான் சேவ் செய்ய முடியும். அந்த ஒரு சேவ் வாய்ப்பை எப்போது செலவழிப்பது என்று யோசிப்பதே ஒரு வியூகமாக இருந்தது.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த இரண்டாவது விளையாட்டோடு அவர்கள் அறியாத உறவு ஒன்று உண்டு. ஃபிளாஷ்பாயின்ட்டின் வாரிசுதான் 'ஆர்மா' வரிசை. 'ஆர்மா 2'க்கு 2012இல் ரசிகர் உலகில் வந்த மோட், அதாவது மூல விளையாட்டை மாற்றிச் செய்த வடிவம், 'டேஇசட்'. அந்த மோட் மேல் பிரெண்டன் கிரீன் கட்டியது, கடைசிவரை மிஞ்சுபவர் வெல்லும் பேட்டில் ராயல் மோட். அதிலிருந்து 2017இல் வந்தது பப்ஜி. 2020 செப்டம்பரில் இந்திய அரசு அதன் மொபைல் வடிவத்தைத் தடை செய்யும்வரை, தெருமுனையில் குனிந்த தலையோடு நான்கு பேர் அணியாக ஆடியதெல்லாம் இந்தச் செக் தீவுப் போரின் கொள்ளுப்பேரன்தான். தொலைவில் கேட்கும் துப்பாக்கிச் சத்தத்தை வைத்துத் திசை சொல்லும் பழக்கமும் அங்கே இருந்ததுதான்.

இந்த வகை வழிதவறியதற்குத் தெளிவான சான்று 2019 அக்டோபரில் வந்த 'கோஸ்ட் ரீகான் பிரேக்பாயின்ட்'. அவ்ரோவா என்ற கற்பனைத் தீவில், தன் படையினரை எல்லாம் இழந்து தனியாக மாட்டிக்கொண்ட வீரனின் கதை. சேற்றை உடம்பில் பூசிப் படுத்து மறையலாம், காலில் அடிபட்டால் நொண்டலாம், சரிவில் ஓடினால் களைத்து உருளலாம். எழுத்தில் பார்த்தால் எல்லாம் சரியான திசையில் எடுத்த அடிகள். ஆனால் அதன் மேல் கியர் ஸ்கோர் என்ற கணக்கைக் கொண்டுவந்து போர்த்தினார்கள். தொப்பி, கையுறை, துப்பாக்கி எல்லாவற்றுக்கும் எண். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பழைய தொப்பியைக் கழற்றிவிட்டு எண் கூடிய தொப்பியை மாட்ட வேண்டும். எதிரிக்கும் எண் உண்டு. அப்படியிருந்தும் தலையில் ஒரு குண்டு பட்டால் எந்த எண்ணுக்காரனும் விழுந்துவிடுவான். அப்படியானால் எண்ணுக்கு என்ன வேலை? ஆட்டக்காரரைத் திரும்பத் திரும்ப வரவழைக்கும் கடை வியாபாரத்துக்கு மட்டுமே அது உதவியது. விற்பனையும் வரவேற்பும் ஏமாற்றம் தந்ததை நிறுவனத் தலைவர் ஈவ் கியமோ வெளிப்படையாகச் சொன்னார். வரவிருந்த வேறு மூன்று விளையாட்டுகளைத் தள்ளிப்போட்டார்கள்.

பிறகு செய்த பழுதுபார்ப்பு பாராட்ட வேண்டியது. ரசிகர்களிடம் கருத்துக் கேட்டு, 2020 மார்ச்சில் கியர் ஸ்கோரை அறவே அணைத்து வைக்கும் வசதியைக் கொடுத்தார்கள். ஜூலையில், முதலில் வெட்டியெறிந்த, கணினியே இயக்கும் ஏஐ தோழர்களைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். திரை மூலையில் உள்ள மினி மேப் வேண்டாமா, அணைக்கலாம். தோட்டா மாற்றும்போது மேகசினில் மிச்சம் இருப்பது வீணாக வேண்டுமா, அப்படியும் அமைத்துக்கொள்ளலாம். விளையாட்டு முன்பைவிட நன்றாகிவிட்டது என்பதில் ஐயமில்லை. ஆனாலும் அதற்கு ஓர் எல்லை இருந்தது. விளையாட்டின் அடித்தளம் ஒன்றை நினைத்துப் போடப்பட்டபின் மேலே எத்தனை பொத்தான் வைத்தாலும் அடித்தளம் மாறுவதில்லை.

மினி மேப்பையே எடுத்துக்கொள்வோம். அதை அணைத்தால் ஆட்டம் கடினமாகிறது. ஆனால் வியூகம் கூடுவதில்லை. ஏனென்றால் அந்த நிலம் மேப் இல்லாமல் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்று வடிவமைக்கப்பட்டதல்ல. 2008இல் கிளின்ட் ஹாக்கிங் இயக்கத்தில் வந்த 'ஃபார் க்ரை 2' இதைத் தலைகீழாகச் செய்தது. அதில் மேப் என்பது கையில் பிடித்துப் பார்க்கும் தாள். ஜீப் ஓட்டிக்கொண்டே பார்க்கலாம். பார்க்கும் நேரத்தில் சாலை கண்ணிலிருந்து போய்விடும். காகிதத்தில் உள்ளதையும் எதிரே உள்ள பாறையையும் ஒப்பிட்டு நாம்தான் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பிரேக்பாயின்ட்டிலும் 'எக்ஸ்ப்ளோரேஷன் மோட்' என்ற நல்ல தொடக்கம் இருந்தது: இலக்கு இன்ன ஊருக்குக் கிழக்கே, ஆற்றுக்கு வடக்கே என்று சொற்களில் துப்புக் கொடுத்து நம்மையே தேடவைத்தது. அதை இன்னும் கொண்டுபோக வேண்டும். சமையல் புகை எழும் இடத்தில் ஆள் இருக்க வேண்டும். ஈர மண்ணில் டயர் தடம் புதிதா பழையதா என்று தெரிய வேண்டும். இரவில் விளக்கு எரியும் ஜன்னலை வைத்து எந்த அறையில் காவல் என்று கணிக்க முடிய வேண்டும். சந்தையில் காய்கறி விற்கும் பெண்ணிடம் கேட்டால், அந்த முகாமுக்கு வாரத்தில் எந்த நாள் அரிசி வண்டி போகிறது என்று சொல்ல வேண்டும். அவள் பயந்தால் பொய் சொல்லவும் கூடும்.

ட்ரோனை ஒழிக்கச் சொல்லவில்லை. இன்றைய போரில் அது இல்லாமல் முடியாது. வைல்ட்லேண்ட்ஸிலேயே அதற்கு பேட்டரி அளவு உண்டு, எதிரியிடம் அலைத்தடுப்புக் கருவியும் உண்டு. குறை ட்ரோன் காட்டும் விதத்தில் இருக்கிறது. ஒருமுறை குறித்தவன் அதன்பின் கட்டடத்துக்குள் போனாலும் நம் திரையில் நகர்ந்துகொண்டே இருக்கிறான். குறி, அவனைக் கடைசியாகப் பார்த்த இடத்தில் நின்றுவிட வேண்டும். நேரம் போகப் போக மங்க வேண்டும். இந்த ஒரு மாற்றம் போதும், நாலு பேர் சேர்ந்து ஆடும்போது ஒருவர் பைனாகுலரோடு மேட்டிலேயே உட்கார்ந்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டிய தேவை தானாக வரும்.

சத்தத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வகையில் வீணடிக்கப்படும் பெரிய செல்வம் அதுதான். ரைஃபிள் தோட்டா ஒலியைவிட வேகமாகப் பறக்கிறது. 600 மீட்டருக்கு அப்பாலிருந்து ஒருவன் நம்மைச் சுட்டுக் குறி தவறினால், முதலில் காதருகே சவுக்கு விளாசியதுபோல் 'சடார்' என்று கேட்கும். அது தோட்டா காற்றைக் கிழித்த சத்தம். துப்பாக்கி வெடித்த 'டும்' அதற்குப் பிறகுதான் வந்து சேரும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும்; 600 மீட்டரைக் கடக்க அதற்கு ஒன்றேமுக்கால் நொடி வேண்டும். தோட்டாவோ ஒரு நொடிக்குள் வந்துவிடும். இரண்டு சத்தத்துக்கும் இடைப்பட்ட இந்த முக்கால் நொடியை வைத்துத்தான் பயிற்சி பெற்ற சிப்பாய் சுட்டவன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று கணிக்கிறான். திசைக்கு அவன் நம்புவது இரண்டாவது சத்தத்தை, முதலாவது ஏமாற்றும். ஆர்மா வரிசையில் இந்த இயற்பியல் ஓரளவு இருக்கிறது. பெரிய கம்பெனிகளின் விளையாட்டுகளிலோ, சுட்டவன் இருக்கும் திசையைத் திரையோரத்தில் சிவப்புக் கோடு காட்டிவிடுகிறது. காதுக்கு வேலையே இல்லை. சிவப்புக் கோட்டை எடுத்துவிட்டு இந்த இரண்டு சத்தத்தைச் சரியாகக் கொடுத்துப் பாருங்கள். ஒரே ஒரு ஸ்னைப்பரை வைத்து அரைமணி நேரம் மூச்சுப் பிடிக்க வைக்கலாம். காது கேளாதவர்கள் ஆட, கண்ணுக்குத் தெரியும் குறிப்பைத் தனி வசதியாக வைக்கலாம், வைக்கவும் வேண்டும். எல்லாருக்கும் அதையே இயல்பாக ஆக்கியதுதான் பிசகு.

இனி எதிரி. எதிரியை அறிவாளியாக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். 2005இல் மோனோலித் நிறுவனம் செய்த 'ஃபியர்' இதில் இன்றும் பாடமாக நிற்கிறது. அதன் ஏஐயை எழுதிய ஜெஃப் ஆர்கின் மறுஆண்டு ஒரு மாநாட்டில் அதை விளக்கினார். ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஓர் இலக்கும் செய்யக்கூடிய செயல்களின் தொகுப்பும் கொடுத்திருந்தார்கள்; எந்தச் செயலை எந்த வரிசையில் செய்வது என்று அவனே திட்டம் போட்டுக்கொள்வான். சிப்பாய்கள் பக்கவாட்டில் சுற்றி வளைப்பதுபோல் ஆட்டக்காரருக்குத் தோன்றும். உண்மையில் ஒவ்வொருவனும் தனக்குப் பாதுகாப்பான மறைவிடத்துக்குத்தான் நகர்கிறான். அந்த நகர்வுக்கு ஏற்ப அவர்கள் ஒருவரோடொருவர் கத்திப் பேசும்படி வசனம் கொடுத்தார்கள். அந்தப் பேச்சைக் கேட்டதும் இவர்கள் கூடித் திட்டமிடுகிறார்கள் என்று நம் மனம் நம்பிவிடுகிறது. எதிரியின் அறிவு என்பது பாதி கணக்கு, பாதி அதை நமக்குத் தெரிவிக்கும் கலை. இருபது ஆண்டாகியும் திறந்த உலக விளையாட்டுகளில் பெரும்பாலான காவலாளிகள், பக்கத்தில் நின்றவன் விழுந்ததும் 'யாரது' என்று கேட்டு, சற்று நேரம் தேடி, மறந்து, திரும்பப் பழைய இடத்துக்கே போகிறார்கள்.

ஆனால் சண்டை நேரத்து அறிவைவிடச் சண்டைக்குப் பிந்தைய நினைவே திறந்த உலகுக்கு முக்கியம் என்பேன். 2015இல் வந்த 'மெட்டல் கியர் சாலிட் 5' அதைச் செய்து காட்டியது. நாம் தலையிலேயே சுட்டுக்கொண்டிருந்தால், சில நாளில் ஆப்கன் முகாம்களில் எதிரிகள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு நிற்பார்கள். இரவிலேயே போனால் அவர்களுக்கு இருட்டில் பார்க்கும் கண்ணாடி வரும். அந்த ஹெல்மெட் எங்கிருந்து வருகிறதோ அந்தக் கிடங்கைத் தாக்க நம் ஆட்களை அனுப்பி, வரவை நிறுத்தவும் முடியும். முகாமின் தகவல் தொடர்புக் கருவியை வெடித்துவிட்டால் அவர்களால் தலைமையைக் கூப்பிட முடியாது. நம் பழக்கமே நமக்கு எதிரியாகிறது. அதனால் பழக்கத்தை மாற்றுகிறோம். வைல்ட்லேண்ட்ஸில் இருபத்தொரு மாகாணம் முழுக்க ஒரே உத்தி செல்லுபடியானதற்குக் காரணம் இந்த எதிர்வினை இல்லாததுதான்.

இதை ஓர் இரவுத் தாக்குதலில் பொருத்திப் பார்க்கிறேன். நள்ளிரவில் சாலைச் சாவடி ஒன்றை ஓசையில்லாமல் முடித்துவிட்டோம். ஒரு மணிக்கு அங்கிருந்து போக வேண்டிய வயர்லெஸ் செய்தி போகவில்லை. தலைமையகம் இரண்டு முறை கூப்பிடுகிறது. பிறகு பக்கத்து முகாமிலிருந்து ஒரு வண்டி புறப்படுகிறது. அதனால் அந்த முகாமில் இப்போது ஆள் குறைவு. வண்டியில் வந்தவர்கள் உடல்களைக் கண்டால் காலையில் பாலத்தில் தடுப்பு போடுவார்கள். உடல்களை நாம் ஒளித்திருந்தால் ஆட்கள் ஓடிப்போய்விட்டதாக எண்ணி கிராமத்துக்குள் தேடப் போவார்கள், வீடுகளை உடைப்பார்கள். மூன்று நாள் கழித்து அந்தச் சாவடியில் நான்கு பேருக்குப் பதில் எட்டுப் பேரும் ஒரு நாயும் இருக்கும். அந்த எட்டுப் பேரும் வேறெங்கிருந்தோ எடுக்கப்பட்டவர்கள் என்பதால், எங்கே குறைந்தது என்று தேடுவது நம் அடுத்த வேலை. இதற்குப் புதிய கிராபிக்ஸ் எதுவும் வேண்டியதில்லை. எதிரியிடம் இத்தனை ஆள், இத்தனை வண்டி, இத்தனை எரிபொருள் என்று ஒரு பேரேடு இருந்தால் போதும்.

பேரேடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஃபார் க்ரை 2தான் உதாரணம். நான் மிகவும் மதிக்கும் அந்த விளையாட்டில் மலேரியா காய்ச்சல் உண்டு, பழைய துப்பாக்கி சண்டை நடுவே மாட்டிக்கொள்ளும், காய்ந்த புல்லில் பற்றிய தீ காற்றோடு பரவும். அவ்வளவு இருந்தும், உயிரைக் கொடுத்துக் காலி செய்த சாலைச் சாவடி, சற்றுத் தூரம் போய்த் திரும்பினால் முழு ஆட்களோடு நிற்கும். ஆட்டக்காரர்கள் அதைப் பற்றி இன்றும் பேசும் முதல் குறை இது.

எதிர்ப்பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். தானே இயங்கும் உலகைச் செய்வது எளிதல்ல. உக்ரைனின் ஜிஎஸ்சி நிறுவனம் 2007இல் 'ஸ்டாக்கர்' விளையாட்டில் ஏ-லைஃப் என்ற முறையைக் கொண்டுவந்தது. நாம் பார்க்காத இடத்திலும் ஆட்களும் மிருகங்களும் நடமாடுவார்கள், சண்டையிடுவார்கள், சாவார்கள். அதுவே அதன் புகழ். 2024 நவம்பரில், நாட்டில் போர் நடந்துகொண்டிருக்கும்போதே அதன் இரண்டாம் பாகத்தை முடித்து வெளியிட்டார்கள். வந்த நாளில் ரசிகர்கள் கண்ட குறை, அந்த ஏ-லைஃப் சரியாக வேலை செய்யவில்லை, எதிரிகள் நம் முதுகுக்குப் பின்னாலேயே திடீரென முளைக்கிறார்கள் என்பது. அடுத்தடுத்த அப்டேட்களில் திருத்தினார்கள். அழகான பெரிய நிலத்தைத் திரையில் காட்டவே கணினியின் நினைவகம் போய்விடுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஆட்களை ஓட்ட மிச்சம் இருப்பதில்லை. அதனால்தான் மேப்பைச் சிறிதாக்குங்கள் என்கிறேன். இருபத்தொரு மாகாணத்துக்குப் பதில் நான்கு. அந்த நான்கிலும் ஒவ்வொரு பாலத்துக்கும் ஒரு காரணம் இருக்கட்டும்.

இன்னொரு தடை சட்டத்தின் பக்கம். 'ஷேடோ ஆஃப் மோர்டார்' (2014) விளையாட்டில் நம்மிடம் தப்பிய எதிரி, அடுத்த முறை வடுவோடும் வன்மத்தோடும் வந்து பழைய சண்டையைச் சொல்லிக்காட்டுவான். 'நெமசிஸ்' எனப்பட்ட அந்த முறைக்கு வார்னர் நிறுவனம் 2021இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. அதைச் செய்த மோனோலித்தை 2025இல் மூடியும் விட்டது. இந்த வகைக்கே உயிர் கொடுத்திருக்கக்கூடிய ஒரு யோசனை பெட்டியில் கிடக்கிறது என்பது வருத்தம் தருகிறது.

தோழர்களிடம் வருவோம். வைல்ட்லேண்ட்ஸில் நாம் பிடிபடும்வரை தோழர்கள் எதிரியின் கண்ணில் படுவதே அரிது. சேர்ந்து சுடச் சொன்னால் அவர்கள் குறி தப்பாது. இது துணை போலத் தோன்றினாலும், உண்மையில் நமக்குக் கூடுதலாக முளைத்த மூன்று துப்பாக்கிகள். தப்பாதவனிடம் எதையும் நம்பி ஒப்படைக்கத் தேவையில்லை. 2005இல் வந்த 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' இரண்டே கட்டளைகளில் பெரிய ஆழத்தைக் காட்டியது: ஒரு குழு இடைவிடாமல் சுட்டு எதிரியைத் தலைதூக்க விடாமல் அமுக்கும், மற்றொரு குழு பக்கவாட்டில் சுற்றிப் போகும். எதிரியின் தலைமேல் உள்ள சிவப்பு வட்டம் சாம்பல் நிறமானால் அவன் அடங்கிவிட்டான் என்று பொருள். உலகின் காலாட்படைகளுக்கு அரிச்சுவடியான இந்தப் பாடம் திறந்த உலக விளையாட்டுகளில் ஏறக்குறைய காணாமல் போய்விட்டது. அங்கே தோட்டா கொல்வதற்கு மட்டும்தான், பயமுறுத்தப் பயன்படுவதில்லை. முதல் கோஸ்ட் ரீகானைப் போல, தோழன் ஒவ்வொருவனுக்கும் பலமும் பலவீனமும் வேண்டும். ஒருவனுக்குக் கை நடுக்கம் இருக்கலாம், ஒருவன் உத்தரவுக்கு முன்பே சுட்டுவிடலாம். காயம்பட்டவனைத் தூக்கிக்கொண்டு பத்துக் கிலோமீட்டர் திரும்புவதா, மிஷனை முடிப்பதா என்ற கேள்வி வர வேண்டும். ஃபார் க்ரை 2இல் குண்டடிபட்டுக் கிடக்கும் நண்பனுக்கு மார்ஃபின் ஊசி போடுவோம். சில நேரம் ஒன்று போதாது, இன்னொன்று கேட்பான், அதுவும் போதாது. அந்தச் சில நொடிகளை விளையாடியவர்கள் மறக்கமாட்டார்கள்.

ஊரும் மக்களும் இந்த விளையாட்டுகளில் பெரும்பாலும் பின்னணித் திரைதான். எனக்கு இதில் ஆதங்கம் அதிகம். வைல்ட்லேண்ட்ஸ் நடப்பது உண்மையான நாட்டில், பொலிவியாவில். விளையாட்டைச் செய்தவர்கள் நேரில் போய்ப் பார்த்து, யூயூனி உப்பு வெளியையும் ஆண்டிஸ் மலையையும் கண்முன் நிறுத்தினார்கள். கதையிலோ நாடே சாந்தா பிளாங்கா என்ற மெக்சிகோ கும்பலின் கையில். பொலிவிய அரசு 2017இல் யூபிசாஃப்ட்டின் தாய்நாடான பிரான்சின் தூதரகத்திடம் முறைப்படி புகார் கொடுத்தது. இது கற்பனைக் கதை என்று யூபிசாஃப்ட் பதில் சொன்னது. கற்பனைக்கு உரிமை உண்டு. ஆனால் உண்மை நிலைமை அந்தக் கற்பனையைவிட வியூகத்துக்கு நல்ல களம் என்பது அவர்களுக்குத் தெரியாமல் போயிற்று. கோக்கா இலையை மெல்லுவது அந்த மலைநாட்டு மக்களின் பழைய வழக்கம். அங்கே அது சட்டப்படி குற்றமில்லை. அப்போது அதிபராக இருந்த ஈவோ மொராலஸ் கோக்கா விவசாயிகளின் சங்கத் தலைவராக இருந்தவர். 2008இல் அமெரிக்கப் போதைத் தடுப்பு அமைப்பை நாட்டைவிட்டு வெளியேறச் சொன்னவர். விளையாட்டு வெளிவந்த அதே 2017 மார்ச்சில், சட்டப்படி கோக்கா பயிரிடக்கூடிய பரப்பை 12,000 ஹெக்டேரிலிருந்து 22,000 ஹெக்டேராக உயர்த்தும் சட்டம் அங்கே வந்தது. அப்படிப்பட்ட நாட்டில் அமெரிக்க வீரர்கள் நான்கு பேர் ரகசியமாக இறங்கினால், கோக்கா விவசாயி யார் பக்கம் நிற்பான்? அவனுடைய வயலை எரித்தால் நாளைக்கு நமக்கு யார் தண்ணீர் கொடுப்பார்? விளையாட்டு இந்தக் கேள்விகளைத் தொடுவதே இல்லை.

நிலமும் அப்படியே. லா பாஸ் நகரம் சுமார் 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் விமான நிலையம் 4,000 மீட்டருக்கும் மேலே. அங்கே இறங்குபவர் உடம்பு முதலில் உணர்வது மூச்சுத் திணறலைத்தான். காற்று மெலிந்திருப்பதால் ஹெலிகாப்டர் தூக்கும் எடையும் குறையும். விளையாட்டிலோ பனி மூடிய மலை முகட்டில் ஓடுவதும் தாழ்வான காட்டில் ஓடுவதும் ஒன்றே. உயரத்தை ஒரு விதியாக்கியிருந்தால், எந்த முகாமுக்கு எத்தனை தோட்டா சுமந்து போவது, ஹெலிகாப்டரில் நால்வரும் ஏறலாமா என்பதெல்லாம் முடிவெடுக்க வேண்டிய விஷயங்களாகியிருக்கும்.

மக்களை மையத்துக்குக் கொண்டுவர முடியும் என்று பொஹீமியா நிரூபித்தது. 'ஆர்மா 3'இன் ஆல்டிஸ் தீவு 270 சதுர கிலோமீட்டர். கிரேக்கத்தின் லெம்னோஸ் தீவை மாதிரியாகக் கொண்டது. 2012இல் அந்தத் தீவுக்குப் போன அந்நிறுவன ஊழியர்கள் இருவர் படமெடுத்ததற்காக உளவுக் குற்றச்சாட்டில் கைதாகி நான்கு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தார்கள். அதே விளையாட்டுக்கு 2017இல் 'லாஸ் ஆஃப் வார்' என்ற கூடுதல் பாகம் வந்தது. அதில் நாம் சிப்பாய் அல்ல. போர் முடிந்த கிராமத்தில் கண்ணிவெடி அகற்றும் தொண்டர். கருவியோடு அடி அடியாக நடந்து, ஒவ்வொரு வெடியையும் எடுக்கும்போது அதை யார், எப்போது, எதற்காகப் புதைத்தார்கள் என்ற கதை அந்தந்தப் பக்கத்துச் சிப்பாயின் கண் வழியே விரிகிறது. ஒரே தேவாலயம், ஒரே தெரு. வெவ்வேறு போர்க் காலங்கள். அந்த ஆண்டு அதில் கிடைத்த நிகர வருமானத்தில் பாதியைச் சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவுக்குக் கொடுத்தார்கள். ஒரு ஷூட்டர் விளையாட்டு நிலத்தின் நினைவை இத்தனை நெருக்கமாகத் தொட்டதை நான் வேறெங்கும் காணவில்லை. வைல்ட்லேண்ட்ஸின் ஒவ்வொரு ஊரிலும் இதில் பத்தில் ஒரு பங்கு இருந்திருந்தால் போதும்.

கடைசியாக வியாபாரம். பிரேக்பாயின்ட்டைத் தனியாக ஆடுவதற்கும் இன்டர்நெட் தொடர்பு வேண்டும். கம்பெனி சர்வரை மூடினால் காசு கொடுத்து வாங்கியதும் போய்விடும். யூபிசாஃப்ட்டின் 'தி க்ரூ' கார்ப் பந்தய விளையாட்டுக்கு 2024 மார்ச்சில் அதுதான் நடந்தது. அதன்பிறகே விளையாட்டுகளைக் கொல்லாதீர்கள் என்ற நுகர்வோர் இயக்கம் ஐரோப்பாவில் எழுந்தது. பிரேக்பாயின்ட்டிலேயே 2021 டிசம்பரில் என்எஃப்டி எனும் டிஜிட்டல் உடைமைச் சான்றுகளைக் கொண்டுவந்து, சில மாதத்தில் விளையாட்டுக்கான புது அப்டேட்களையே நிறுத்திவிட்டார்கள். இணைய வசதி சீராக இல்லாத ஊர்களில் ஆடுபவருக்கு, ஆஃப்லைனில் இயங்குவது எந்தப் புதுத் துப்பாக்கியையும்விடப் பெரிய மேம்பாடு.

அதோடு மிஷன் எடிட்டர் வேண்டும். 2001இல் ஃபிளாஷ்பாயின்ட் வாங்கியவர்களுக்கு அது விளையாட்டோடு சேர்ந்தே கிடைத்தது. மேப்பில் சிப்பாயை வைத்து, வழி வரைந்து, இது நடந்தால் அது நடக்கட்டும் என்று எழுதிப் பதினைந்து வயதுப் பையனும் ஒரு போரை உருவாக்க முடிந்தது. டேஇசட்டும் பப்ஜியும் அந்தக் கதவு வழியாகத்தான் வந்தன. கோஸ்ட் ரீகானின் அடுத்த பாகம் வரும்போது, அதில் மேப் எத்தனை சதுர கிலோமீட்டர் என்று கேட்பதற்கு முன் நான் தேடுவது இரண்டு: எதிரியின் ஆள், வண்டி, எரிபொருள் கணக்கு எழுதப்பட்ட அந்தப் பேரேடு, அதைத் திறந்து நாமே மாற்றி எழுத ஓர் எடிட்டர்.